நகரி கூட்டத்துல கோமளா

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நகரிக்குப் போகணும். அங்க வாசகசாலையில புதுசா வந்த மூணு நாவலைப் பத்தி அரை மணி நேரம் பேசணும். சுண்டல் குடுப்பாங்க. துன்னுட்டு ரயிலைப் புடிச்சு புத்தூருக்குத் திரும்பிடணும்.

அவ்ளோதாங்க வேலை.

அப்போ ஆந்திரா, கர்னூலைத் தலைநகரா வச்சு, தனி ராஜ்யமா பிரிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆயிருந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திராவுல இருந்தது. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம்னு இன்னும் பேசிக்கினே இருந்தாங்க. டீக்கடை, சலூன், தறிக்கூடம், எங்க போனாலும் எல்லைப் பேச்சுதான்.

நான் மட்டும் அந்தப் பேச்சு நடக்கற எடத்துல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன். கொள்கையெல்லாம் ஒண்ணும் இல்ல. பயம்! புத்தூர்ல தாசில்தாருகிட்ட டெம்பரரி குமாஸ்தா நான். என்னை பர்மனென்ட் பண்ற ஃபைல் அவர் மேஜை மேல கெடந்தது. சர்க்கார் வேலையில இருக்கறவன் அரசியல் கூட்டத்துல தலையக் காட்டினா சீட்டு கிழிஞ்சிடும்.

அதனாலதான் நாவல் பக்கம் ஒதுங்கினேன். நாவலால யாருக்கு என்ன ஆபத்து வந்துடப் போவுது?

இப்படி நெனச்சவன் எவ்ளோ பெரிய புத்திசாலின்னு போகப் போகத் தெரியும்.

மொதல் நாவல் 'கோமளா யாருக்கு?' காதல் கதை. கோமளான்னு ஒரு பொண்ணு. மாமன் மகன் ஒருத்தன், காலேஜ் சிநேகிதன் ஒருத்தன், ரெண்டு பேரும் அவளைக் கட்டிக்கணும்னு நிக்கறாங்க. முந்நூறு பக்கத்துக்கு நிக்கறாங்க! கோமளாவுக்கு வேற வேலை இல்ல, மயக்கம் போட்டு விழறதுதான் வேலை. ஆனா ஒரு தடவை கூட அடிபடாது. எங்க விழுந்தாலும் ரெண்டு பேர்ல ஒருத்தன் கையிலதான் விழுவா. அந்த புக்குல ஒரே ஒரு கொறை. எனக்கு முன்னாடி படிச்ச மகராசன் யாரோ கடைசி நாலு பக்கத்தைக் கிழிச்சுக்கினு போயிட்டான்.

ரெண்டாவது, 'ஏழு மலை தாண்டி ஒரு பூதம்'. மாயாஜாலக் கதை. ராஜகுமாரன் ஏழு மலை தாண்டிப் போயி பூதத்துக்கிட்டேருந்து மோதிரத்தைப் புடுங்கிக்கினு வரணும். எனக்கு அதுல பூதத்தைத்தான் புடிச்சுது. அது பாட்டுக்கு தன் குகையில, தன் மோதிரத்தோட செவனேன்னு கெடந்துது. எவனோ வந்து கதவத் தட்டி சண்டைக்கு வான்னா, அது என்னதான் பண்ணும் பாவம்!

மூணாவது, 'பூட்டிய நகரம்'. வருங்காலத்துல நடக்கற கதை. ஆளுங்களுக்குப் பேரே கெடையாது, நம்பர்தான். தெருவுக்குத் தெரு கதவு. பக்கத்துத் தெருவுக்குப் போவணும்னா பாஸ் வாங்கணும். ஒரு நாளைக்கு இவ்ளோ வார்த்தைதான் பேசலாம்னு சட்டம். நான் ஆபீஸ்ல பேசறதே அதைவிடக் கம்மி, அதனால எனக்கு அது பெரிய கொடுமையாத் தெரியல. ஆனா ஒரு பொண்டாட்டி, பேசாம மிச்சம் புடிச்ச வார்த்தையெல்லாம் சேத்து வச்சு ஒரே நாள்ல புருஷன் மேல கொட்டறா பாருங்க, அந்த எடத்துல புக்கை மூடி வச்சுட்டு சுத்திமுத்தும் பாத்துக்கினேன். என் வீட்டுக்காரி அடுப்பாண்டதான் இருந்தா.

இந்த மூணையும் பையில போட்டுக்கினு நகரியில எறங்கினேன்.

வாசகசாலை வாசல்ல திருவிழாக் கூட்டம்!

முனிரத்தினம் ஓடி வந்தார். வாசகசாலை காரியதரிசி. தறி நெய்யறவர். நாவல்னா உசுர விடுவார்.

"என்னங்க முனிரத்தினம் இது? போன தடவை ஏழு பேர்தானே வந்தாங்க? அதுலயும் ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க."

"எனக்கே தெரியல சார். நாவலுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு!"

உள்ள நுழையப் போனேன். செவுத்துல கொட்டை எழுத்துல விளம்பரம்.

'யாருக்கு? ஏழு மலை! பூட்டிய நகரி! புத்தூர் தேவராஜு பேசுகிறார். அனைவரும் வாரீர்!'

ஒரு தடவை படிச்சேன். இன்னொரு தடவை படிச்சேன். தேவராஜு நான்தான்.

"கோமளா எங்க?"

"செவுத்துல எடம் பத்தல சார். அதான் பெயிண்டர் அவளை எடுத்துட்டான்."

"நகரம்னுதானே நாவலு? நகரின்னு போட்டிருக்கு!"

"கை பழக்கம் சார். பொறந்ததுலேருந்து நகரி, நகரின்னே எழுதிக்கினு இருக்கான்."

"இந்த ஆச்சரியக்குறி?"

"அது நான்தான் போடச் சொன்னேன். எடுப்பா இருக்கட்டுமேன்னு!"

உள்ள எட்டிப் பாத்தேன். இடது பக்கம் பூரா, நகரி தமிழ்நாட்டுக்கு வரணும்ங்கற கட்சி. வலது பக்கம் பூரா, நகரி ஆந்திராவுலயே இருக்கணும்ங்கற கட்சி. நடுவுல, மொதல் பெஞ்சுல, மடியில நோட்டும் கையில பென்சிலுமா ஹெட் கான்ஸ்டபிள் நரசிம்முலு.

அவருக்கு என்னை நல்லாத் தெரியும். ஆபீசுக்கு வந்து போறவர்தான்.

"குமாஸ்தா காரு! மீரா?" நீங்களான்னு தெலுங்குல கேட்டுட்டு நோட்டைக் காட்டினார். "மேலேருந்து ஆர்டரு. நீங்க பேசறது மொத்தம் எழுதிக்கினு போவணும்."

நான் முனிரத்தினம் காதுல சொன்னேன். "எனக்கு வயிறு சரியில்லங்க. அடுத்த ரயில்ல கெளம்பிடறேன்."

"பேசினா சரியாயிடும் சார்," அப்படின்னு மாலைய எடுத்து கழுத்துல போட்டுட்டார்.

மேடையேறினேன்.

"பெரியோர்களே! நான் அரசியல் பேச வரல! ஒரு பொண்ணைப் பத்திப் பேச வந்திருக்கேன்!"

"நம்ம தாயைச் சொல்றாருடா!" இடது பக்கம் கை தட்டுது.

"தாய் இல்லீங்க, கல்யாணம் ஆவாத பொண்ணு. ரெண்டு பேர் அவளைக் கேக்கறாங்க. ஒருத்தன் கூடவே வளந்தவன். இன்னொருத்தன் நேத்து வந்தவன்."

"சபாஷ்!" இடது பக்கம் எழுந்து நின்னுடுச்சு.

வலது பக்கத்துலேருந்து ஒருத்தர் துண்டை ஒதறிக்கினு எழுந்தார். "எவடு நின்ன வச்சினவாடு? யாரை நேத்து வந்தவன்ற?"

"ஐயா, ஐயா, அவனும் நல்லவன்தான்! படிச்சவன்! சைக்கிள் வச்சிருக்கான்!"

இப்போ வலது பக்கம் கை தட்டுச்சு. நெத்தி வேர்வையத் தொடைச்சுக்கினேன்.

நரசிம்முலு பென்சிலைத் தூக்கினார். "அம்மாயி பேரு?"

"கோமளா."

"ஊரு?"

"அது புக்குல போடலீங்க."

"தண்ட்ரி பேரு?"

"அப்பா ரெண்டாவது அத்தியாயத்துலயே போயிட்டார்."

"அய்யோ பாபம்," அப்படின்னு உச்சு கொட்டிக்கினே எழுதினார்.

இந்த கோமளாவ இதோட விட்டுடலாம், பூதக் கதையில வம்பு இல்லைன்னு அதுக்குத் தாவினேன்.

"அடுத்தது ஏழு மலை..."

வாக்கியத்தை முடிக்க விட்டாத்தானே!

"ஏழு மலையும் நமக்கே!" இது இடது பக்கம்.

"மாதே! மாதே!" எங்களுதுன்னு தெலுங்குல வலது பக்கம்.

"ஐயா, அந்த மலை இல்லீங்க! இது வேற! இங்க பூதம் இருக்குது!"

கூட்டம் அப்படியே அடங்கிப் போச்சு.

ஏழு மலையில பூதம் இருக்குதுன்னு மேடை போட்டுச் சொன்ன மொதல் ஆளு நானாத்தான் இருப்பேன். அதுவும் திருப்பதி மலை எட்டிப் பாக்கற தூரத்துல இருக்கற ஊர்ல!

"ஏய்ய்!"

ரெண்டு பக்கமும் சேந்து ஒரே குரல்ல வந்தது. அன்னிக்கு ரெண்டு கட்சியும் ஒத்துமையா இருந்தது அந்த ஒரு எடத்துலதான். செருப்பு ஒண்ணு காதாண்ட பறந்து போச்சு. எந்தக் கட்சி செருப்புன்னு தெரியல.

"மன்னிச்சுடுங்க! அதை விட்டுடறேன்! மூணாவது கதை! ஊர் பூரா கதவு போட்டுப் பூட்டிடறாங்க! ஆளுக்கு ஒரு நம்பரு! இங்கேருந்து அங்க போவணும்னா பாஸு! புருஷன் பொண்டாட்டியப் பாக்கவே பாஸு!"

சத்தம் போட்டவங்க எல்லாம் பொத்துன்னு உக்காந்தாங்க. சரி, கூட்டத்தை அடக்கிட்டோம்னு நானும் கொஞ்சம் நெஞ்ச நிமித்தினேன்.

பின்னாடியிருந்து ஒரு அம்மா எழுந்தாங்க. ராஜம்மான்னு பேரு, நூல் சுத்தற வேலை செய்யறவங்கன்னு பின்னாடி முனிரத்தினம் சொன்னார். முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணா, நெஜமாவா சொல்ற? என் பொண்ணைத் திருத்தணியில குடுத்திருக்கேன். வர மாசம் பிரசவம். கோடு போட்டுட்டா நான் பாஸ் இல்லாம போவ முடியாதா?"

இவ்ளோ நேரமா நான் மேல நின்னுக்கினு ஒரு கதைய ஒளறிக்கினு இருக்கேன், அந்த அம்மா கீழ உக்காந்து பொண்ணை நெனச்சு நடுங்கிக்கினு இருந்திருக்காங்க.

"இல்லம்மா. அது வெறும் கதை. யாரோ ஒருத்தர் ரூம்ல குந்திக்கினு எழுதினது."

"கதைன்னா போலீசு எதுக்கு எழுதிக்குது?"

கூட்டமே திரும்பி நரசிம்முலுவப் பாத்துச்சு.

அவர் பென்சிலைக் காது மேல சொருகிக்கினு எழுந்தார். "அம்மா, நா மாமியார் ஊரும் திருத்தணிதான். பாஸு லேது, கீஸு லேது. எவன் கோடு போட்டாலும் பஸ் ஏறினா போயிடலாம். பொண்ணு பிரசவத்துக்கு நீ போ. எவனாவது தடுத்தா என் பேர் சொல்லு."

ராஜம்மா மூஞ்சியில ரத்தம் திரும்பி வந்தது. ரெண்டு பக்கமும் கை தட்டினாங்க. நான் அவ்ளோ நேரம் பேசினதுக்கு இல்லாத கைதட்டல்!

இதோட முடிச்சிருந்தா மரியாதையா வீடு போய்ச் சேந்திருப்பேன். "நன்றி, வணக்கம்"னு சொல்ல வாயத் தொறந்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்! கோமளா கடைசில யாருக்கு? அதைச் சொல்லிட்டுப் போ!" இடது பக்கத்துலேருந்து ஒரு குரல்.

"செப்பு! செப்பு!" வலது பக்கமும் எழுந்துடுச்சு.

எவன் பேரைச் சொன்னாலும் பாதி கூட்டம் என்னை அடிக்கும். யோசிச்சேன். உண்மையச் சொல்லிடறதுதான் நல்லதுன்னு பட்டது.

"எனக்குத் தெரியாதுங்க! கடைசி பக்கத்தை யாரோ கிழிச்சுட்டாங்க!"

அவ்ளோதான், பூகம்பம்.

"கிழிச்சுட்டாங்களா?"

"எவன்டா கிழிச்சது?"

"மதராஸ்ல கிழிச்சாங்களா, கர்னூல்ல கிழிச்சாங்களா?"

"அதான் நான் அப்பவே சொன்னேன், முடிவு எடுத்துட்டாங்க, மறைக்கறாங்கன்னு!"

பெஞ்சு ஒடஞ்சுது. பெட்ரோமாக்ஸ் சாஞ்சுது. சுண்டல் குண்டான் கவுந்துடுச்சு. அதுலதாங்க எனக்கு ரொம்ப வருத்தம். நரசிம்முலு என் கையப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கினு ஸ்டேஷனுக்கு வந்தார். மாலை மட்டும் கழுத்துலயே தொங்குது.

ரயில் வர்ற வரைக்கும் காவலுக்கு நின்னார். பிளாட்பாரத்துல யாரும் இல்லன்னு பாத்துட்டு மெல்லமா காதாண்ட வந்தார்.

"குமாஸ்தா காரு, எனக்கு மாத்திரம் செப்பு. கோமளா எவரிக்கி?"

மறுநாள் காலையில தாசில்தார் கூப்பிட்டனுப்பினார். மதராஸ்ல படிச்சவர், தமிழும் நல்லாப் படிப்பார். சிரிச்சு யாரும் பாத்ததில்ல. கையில போலீஸ் ரிப்போர்ட் இருந்தது. சத்தமாப் படிச்சார்.

"கோமளா என்ற பெண், தகப்பன் இல்லாதவள். இரு கட்சியாரும் உரிமை கோருகிறார்கள். ஏழு மலையில் பூதம் இருப்பதாகத் தகவல். கடைசி பக்கத்தைக் காணவில்லை." கண்ணாடிய எறக்கிக்கினு என்னைப் பாத்தார். "ஏமிட்டய்யா இது?"

"நாவல் சார்."

"கொண்டா இங்க."

மூணையும் வாங்கி வச்சுக்கினார். போன்னு தலைய ஆட்டினார். அவ்ளோதான். வீட்டுல போயி சொன்னேன். "வேலை போயிடுச்சுன்னு வச்சுக்கோ." அதுக்கு என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசல. மிச்சம் புடிக்கறாளோன்னு எனக்குப் பயமாப் போச்சு.

ரெண்டு நாள் கழிச்சு தாசில்தார் திரும்பக் கூப்பிட்டார். கண்ணு ரெண்டும் செவந்து கெடந்தது.

"நாலு பக்கம் இல்லியேய்யா!"

"ஆமா சார்."

"நாளைக்கு உனக்கு லீவு. திருப்பதிக்குப் போ. முழு புக்கா பாத்து வாங்கிக்கினு வா."

திருப்பதிக்குப் போனேன். மொதல்ல மலையேறி, பூதம்னு சொன்னதுக்கு மன்னிப்பு கேட்டு மொட்டை போட்டுக்கினேன். அப்புறம் கீழ எறங்கி ஸ்டேஷனாண்ட கடையில புக்கு வாங்கி, நின்ன எடத்துலயே கடைசி பக்கத்தைப் படிச்சேன். எனக்கே மயக்கம் வந்துடுச்சு. தாங்கிப் புடிக்கத்தான் ஆள் இல்ல.

சாயங்காலம் தாசில்தார் வீட்டு வாசல்லயே காத்துக்கினு இருந்தார். ரிப்போர்ட் விஷயமா வந்திருந்த நரசிம்முலுவும் பக்கத்துல நின்னார்.

"யாருக்குய்யா?"

"ரெண்டு பேருக்கும் இல்ல சார். மயக்கத்துக்கு வைத்தியம் பாக்க கடைசி பக்கத்துல ஒரு டாக்டர் வரார். அவரைக் கட்டிக்கினா."

"எந்த ஊர் டாக்டரு?"

"டெல்லி சார்."

தாசில்தார் தலையில அடிச்சுக்கினார். "இது மொதல்லயே தெரிஞ்சிருக்கணும்," அப்படின்னார். நரசிம்முலு பென்சிலை எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கினார்.

அடுத்த வாரம் என் ஃபைல்ல கையெழுத்து விழுந்தது. ஒரு மாசம் கழிச்சு முனிரத்தினமும் ஆளனுப்பி விட்டிருந்தார். "கூட்டம் அமோகம் சார், திரும்பவும் வந்து பேசணும்"னு. ராஜம்மாவுக்குப் பேரன் பொறந்த சேதியும் அந்த ஆள்தான் சொன்னான்.

நான் போகலீங்க. இப்பல்லாம் யாராவது என்ன படிக்கறேன்னு கேட்டா, பஞ்சாங்கம்னு சொல்லிடறேன்.

அதுக்கும், "தமிழ்ப் பஞ்சாங்கமா, தெலுங்குப் பஞ்சாங்கமா?"ன்னு கேக்கறாங்க.