திரையை நிமிர்த்தும் தீர்மானம்

சுதந்திரம் என்றால் என்னவென்று பார்க்க விரும்புகிறவர்கள் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து எல்க் கிரீக் நகரமன்றத்துக்கு வரவேண்டும். அங்கே அது சுவரில் தெரியும். கொஞ்சம் படுத்த வாக்கில் தெரியும், அவ்வளவுதான்.

மன்றத்துக் கணினிகளை லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய பெருமை தலைவர் வெர்லின் டாலனுடையது. "இனிமே நம்ம கணினிக்கு நாமதான் முதலாளி" என்று அவர் அறிவித்த நாளில் உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு உட்கார்ந்து, அதை எப்படித் திறப்பது என்று கேட்டார்கள்.

அன்றைய கூட்டம் நூலகத்தைச் சனிக்கிழமைகளில் மூடுவது பற்றியது. வாரமெல்லாம் வான்கோழி இறைச்சி ஆலையில் நிற்கிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் வாய்க்கும். நூலகர் ஆர்டிஸ் ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சனிக்கிழமை வருகிறவர்களைக் காட்டும் கோடு அதில் ஏறிக்கொண்டே போனது. அதைக் காட்டினால் போதும், வாயே திறக்க வேண்டாம் என்று நம்பினார். பாவம்.

புரொஜெக்டரை மாட்டியதும் படம் சுவரில் வலப்பக்கமாகப் படுத்துவிட்டது. ஏறிய கோடு இறங்கியது.

ஆர்டிஸ் டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினார். படம் நிமிர்ந்தது. கூடவே ஒரு பெட்டி வந்தது: 'இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா? இருபது வினாடியில் பழையபடி ஆகிவிடும்.'

"கையை எடும்மா" என்றார் வெர்லின். "மன்றத்துச் சொத்து. யாராவது முன்மொழியணும்."

"நான் முன்மொழியறேன்" என்றார் உறுப்பினர் ஆர்வில்.

வழிமொழிய வேண்டிய இன்னொரு உறுப்பினர் கிளாடிஸின் வாயில் ருபார்ப் கேக் இருந்தது. அவர் விழுங்குவதற்குள் படம் படுத்தது. ஆர்டிஸ் மறுமுறை நிமிர்த்தியபோது வாயில் கேக் இல்லை. ஆனால் ஆர்வில், "நிரந்தரமாவா, தற்காலிகமாவா?" என்று ஆழமான ஐயம் ஒன்றை எழுப்பினார். மறுபடி படுத்தது.

வெர்லின் பெருமையோடு சுவரைக் காட்டினார். "பாத்தீங்களா, என்ன ஒரு ஜனநாயகம். நம்மளக் கேக்காம எதையும் வச்சுக்க மாட்டேங்குது."

முடிவில் ஒருமனதாகத் தீர்மானமாயிற்று: 'திரை இருந்தபடி இருக்கும், உறுப்பினர்கள் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம்.' கிளாடிஸுக்குக் கழுத்துச் சுளுக்கு. ஆர்வில் கண்ணாடி விழுந்துவிடும் என்றார். தலைவர் தலை சாய்ப்பது பதவிக்கு அழகல்ல.

"கோடு இறங்குதே, ஆர்டிஸ்."

"ஏறுது வெர்லின். படம்தான் படுத்திருக்கு."

"மன்றம் சுவத்துல இருக்கறதத்தாம்மா பாக்கும்."

ஆர்டிஸ் கணினிப் பக்கம் திரும்பினார். யாரையும் கேட்காமல் இன்னொரு தட்டுத் தட்டினார். படம் நிமிர்ந்தது, பெட்டியில் வினாடிகள் குறையத் தொடங்கின. சுவரைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"சனிக்கிழமை மூடலாம்னு முன்மொழியறேன்" என்றார் ஆர்வில்.

"வழிமொழியறேன்" என்றார் கிளாடிஸ், வாயில் கேக்கோடு.

"ஆதரிக்கிறவங்க?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. சுவரில் இன்னும் ஏழு வினாடி பாக்கி இருந்தது.

"வெர்லின், இதுக்கும் அந்த மாதிரி ஒரு கேள்வி வருமா?" என்று கேட்டார் ஆர்டிஸ். "வச்சுக்கவா, பழையபடி ஆக்கவான்னு?"

வெர்லின் பரிவோடு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அதெல்லாம் கணினிக்குத்தாம்மா. இது மனுஷங்க எடுத்த முடிவு."