எரிவாயுக் கிணற்றைப் பங்கு போட்ட மொழிபெயர்ப்பாளன்

என் மனைவியின் அண்ணனும், எங்கள் குடும்ப மானத்தின்மேல் என்னைவிட அக்கறை கொண்டவருமான மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், உங்கள் தங்கை, பிள்ளைகள் யாவரும் நலம். தாங்களும் அக்காவும் நலமென்றே நம்புகிறேன். 'லஞ்சக்காரனுக்குப் போய் என் தங்கையைக் கொடுத்தேனே' என்று தொலைபேசியில் நீங்கள் அழுததற்கு இது பதில். சாய்ந்து உட்கார்ந்து படிக்கவும்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் கடலடி எரிவாயுவை எடுக்க ஒப்பந்தம் பேச வந்தது. மண்டபத்தின் பின்னால் கண்ணாடிக் கூண்டில் நான்; காதில் கம்பெனித் தலைவரின் பாஷை, வாயில் நம் பாஷை. எங்கள் தொழிலில் 'அவர் தருவதாகச் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. அவராகவே மாறி 'நான் தருகிறேன்' என்றுதான் சொல்லவேண்டும். மதியம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அமைச்சரும் தலைவரும் அந்தரங்கமாகப் பேசினார்கள். நானும் வழக்கம்போல் பெயர்த்துச் சொன்னேன். பக்கத்து அறை ஒலிபெருக்கிக்குப் போகும் பொத்தானை அணைக்க மட்டும் மறந்துவிட்டேன். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர்கள் காதில் என் குரல் கணீரென்று விழுந்தது: "எரிவாயு விலையைப் பாதியாக்குங்க. உங்க மருமகன் பேருக்குக் கிணத்துல ஒரு பங்கு எழுதித் தர்றேன்."

அமைச்சர் லேசுப்பட்டவரா? மொழிபெயர்ப்பாளன் தனக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்தான் என்று அவரே முந்திக்கொண்டு புகார் கொடுத்தார். சிலிண்டர் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் சுடுதண்ணீர் கேட்கும் நான், கடலுக்கடியில் பங்கு பிரிக்கிறேனாம். வேலை போயிற்று. தெருவில் தலைகாட்ட முடியவில்லை. உங்கள் தங்கை என்னோடு பேசுவதையே நிறுத்தினாள். நடுவில் ஒரே ஒருமுறை, ஒரு பங்கு என்றால் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டாள்.

பிறகு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. ஒப்பந்தமும் நின்று, அந்தப் பங்குக்கு முன்னால் ரகசியமாகக் கொடுத்த முன்பணமும் திரும்பாத வயிற்றெரிச்சலில் கம்பெனித் தலைவரே சாட்சி சொல்ல வந்தார். அந்தப் பாஷைக்கு மொழிபெயர்ப்பாளன் ஊரிலேயே நான் ஒருவன்தான். ஆகவே குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி என்னைக் கண்ணாடிக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்: 'ஆமாம், முன்பணத்தை நான்தான் கொடுத்தேன்.' தட்டச்சர் அதை என் வாக்குமூலமாகவே அடித்துவிட்டார். அமைச்சர் பக்கத்து வக்கீல் கைதட்டினார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ், நீ கொடுத்தியா, அவர் கொடுத்தாரா?"

"ஐயா, அவர் பேசுறப்ப நான் அவர்தாங்க. மத்த நேரத்துல வெறும் நானுங்க."

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டினார். "யாருக்குக் கொடுத்தாருன்னு கேளு. பதிலை நீ வாயால சொல்லாதே. ஆளை அவரே காட்டட்டும்."

கேட்டேன். தலைவர் எழுந்து, பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அமைச்சரின் மருமகனை நோக்கி நேராக விரலை நீட்டினார். மருமகன் திறந்த வாயை மூடவேயில்லை. மண்டபமே எழுந்து நின்றது, மச்சான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒப்பந்தம் ரத்து, அமைச்சர் ராஜினாமா, மாமனாரும் மருமகனும் உள்ளே, எனக்குப் பழையபடி வேலை, நேற்று பாராட்டுக் கூட்டம் வேறு. இனி நம் எரிவாயுவில் எவனாவது கைவைக்கட்டும், பார்க்கலாம். கூண்டில் நான் இருக்கிறேன். நீங்களும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்,
மொழிபெயர்ப்பாளர் (மறுபடியும்)

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். புது அமைச்சர் நாளை அதே கம்பெனியோடு பேசுகிறாராம். அவருக்கு அந்தப் பாஷை தண்ணீர்பட்ட பாடாம். மொழிபெயர்ப்பாளர் பதவியையே எடுத்துவிட்டார்களாம்.