அமலியின் தாக்குதல் திறனை நான் கணக்கிட்ட கதை

செருப்புக் கடைக்குள் நுழைந்தால் எனக்குத் தலை சுற்றும். விலையைப் பார்த்து அல்ல (அதுவும் உண்டு). அந்தப் புது ரப்பர் வாசனை. போன வாரம் கோவை ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜோடியைக் கையில் எடுத்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பதறித் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு எப்படிச் சொல்வது, அது எனக்குக் கூடைப்பந்தின் வாசனை, என் அண்ணன் மகள் அமலியின் வேலைக்கு நான் உலை வைக்கப் பார்த்த வாசனை என்று?

கல்லூரியில் புள்ளியியல் எனக்குத் துணைப்பாடம். ‘திட்ட விலக்கம்’ என்ற சொல்லில் மயங்கி, ஒரு பருவம் முழுக்க அதைப் பற்றிக் கவிதை எழுதினேன், கணக்குப் போடவில்லை. இது தெரியாமல், எங்கள் பங்குத் தேவாலய மைதானத்தில் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்துவந்த ரஹீம் மாஸ்டர் ஒரு மாலை என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க அக்கா, நீங்க புள்ளியியல் படிச்சவங்கன்னு அமலி சொல்லுச்சுங்க.”

“படிச்சேனுங்க” என்றேன். (தேறினேன் என்று சொல்லவில்லையே.)

“டிவில வெளிநாட்டு மேட்ச்சுல ஒவ்வொருத்தருக்கும் தாக்குதல் திறன்னு ஒரு நம்பர் போடறானுங்க. நம்ம புள்ளைங்களுக்கும் போட்டுத் தாங்க. பைனல்ல யாரை இறக்கோணும், யாரு பந்தை எறியோணும்னு அதை வெச்சே முடிவு பண்ணிப்போடலாம்.”

அந்தப் பைனல் சாதாரண பைனல் இல்லை. ஒரு வங்கியின் பெண்கள் அணிப் பயிற்சியாளர் சென்னையிலிருந்து அமலியின் ஆட்டத்தைப் பார்க்கவே வருவதாக இருந்தார். அவருக்குப் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. என் அண்ணன் அதற்குள் மேட்டுப்பாளையம் வரை சொந்தக்காரர்களிடம் சொல்லி முடித்திருந்தார்.

மாஸ்டர் விளக்கியபோது கணக்கு எளிதாகத்தான் இருந்தது. தாக்குதல் ஒரு பெண்ணின் கையில் முடிகிற ஒவ்வொரு தடவையையும் எண்ண வேண்டும். எறிந்தது கூடையில் விழுந்தாலும் முடிவு, தவறினாலும் முடிவு, பந்தைப் பறிகொடுத்தாலும் முடிவு. அவள் எடுத்த புள்ளிகளை அந்த முடிவுகளால் வகுத்தால் திறன். ஆனால் தவறிய பந்தை நம் பெண்ணே திரும்பப் பிடித்துவிட்டால்? முடிந்ததா, முடியவில்லையா? அந்தக் கேள்வியிலேயே நான் முதல் ஆட்டத்தின் பாதியைக் கழித்தேன். மீதிப் பாதியில், வளையத்தின் விளிம்பில் ஏறிய பந்து விழலாமா வேண்டாமா என்று ஒரு சுற்று யோசிக்குமே, அந்த அழகில் கரைந்து வானத்தைப் பார்த்துவிடுவேன். கண்ணைத் திருப்பினால் பந்து எதிரணியிடம் இருக்கும். தொலைத்தது யார்?

ஆட்டம் முடிந்ததும் பெண்களிடமே கேட்டேன். எங்கள் ஊரில் இன்னொருத்தியைக் கை காட்டுவதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு கிடையாது. எல்லோரும் ஷூ லேஸைப் பார்த்தார்கள். அணித் தலைவி அமலிதான் வாயைத் திறந்தாள். (எங்கள் கொங்குப் பேச்சில் ‘என்றது’ என்றால் என்னுடையது.)

“என்றதுன்னே போட்டுக்குங்க அத்தை.”

“அந்த இன்னொண்ணு, கண்ணு?”

“அதுவும் என்றதுங்க.”

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதே கதை. என்ன நேர்மையான பிள்ளை என்று எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு எல்லாவற்றையும் அவள் பெயரில் எழுதினேன்.

விளைவு: அமலி கடைசி. முதலிடம் நிர்மலா. நிர்மலா கூடைக்கடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் உயரமான பெண். எறிவது அபூர்வம், அதுவும் கூடைக்கு ஒரு சாண் தொலைவிலிருந்து, எறிந்ததெல்லாம் உள்ளே. எனக்கே குழப்பம். வகுத்ததைப் பெருக்கினேன், பெருக்கியதை வகுத்தேன். நிர்மலா அசையவில்லை.

மாஸ்டர் தாளை வெகுநேரம் பார்த்தார். “நம்பரு பொய் சொல்லாதுங்களே, அக்கா?”

“சொல்லாதுங்க” என்றேன், பொய் சொன்னால் கண்டுபிடிக்கத் தெரியாதவளின் துணிச்சலோடு.

பைனலில் அமலி பெஞ்சில் உட்கார்ந்தாள். வங்கிப் பயிற்சியாளர் ஓர் அம்மா. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மைதானத்தில் அவளைத் தேடினார். அங்கே, நிர்மலாவிடமே பந்தைக் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு நடந்துகொண்டிருந்தது. பந்து வந்ததும் நிர்மலாவுக்கு வியர்த்துவிட்டது.

“அக்கா, நீங்க போடுங்க.”

“இல்ல அம்மணி, நீதான் போடோணும்னு மாஸ்டர் சொல்லிப்போட்டாரு.”

“பரவால்லீங்க, நீங்களே போடுங்க.”

நிச்சயதார்த்த வீட்டில் கடைசி ஜாங்கிரியைத் தட்டோடு நகர்த்திவிடுவதுபோல் பந்து கைமாறிக்கொண்டே இருந்தது. எறிவதற்கான நேரம் தீர்ந்து விசில் ஊதினார்கள். மறுபடியும் அதேதான். ஸ்கோர் போர்டைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் பந்து யார் கையிலிருந்தோ நழுவி வெளியே ஓடியது. நான் வழக்கம்போல் வானத்தில் இருந்தேன். “யாருங்க அது?” என்று கேட்டேன். பக்கத்து பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

“என்றதுன்னே போட்டுக்குங்க அத்தை.”

போட்டேன். பேனாவைத் தாளிலிருந்து எடுத்த பிறகுதான் உறைத்தது. அவள் ஆடவே இல்லை. உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏன் கண்ணு, இத்தனை நாளா நீ சொன்னதெல்லாம்?”

“சின்னப் புள்ளைங்க அத்தை. பேரு எழுதினா அழுதுபோடுவாளுங்க.”

மாஸ்டரிடம் ஓடினேன். “கணக்குல தப்புங்க.”

“எங்கீங்க தப்பு?”

“கணக்கு சரிதானுங்க. புள்ளைங்கதான் மரியாதையா இருந்துட்டாங்க.”

அவர் அமலியை உள்ளே அனுப்பினார். மிச்சமிருந்த நிமிடங்களில் அவள் ஓடியதை இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை. எழுதப் போனால் பேனா பின்தங்குகிறது. ஆனாலும் தோற்றோம்.

வங்கி அம்மாவுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் ஆட்டோ நின்றது. என் தாளை வாங்கிப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். “இது யாரு போட்டது?”

அமலி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “என்றதுங்க.”

அவர் தாளை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்தார். அமலி இப்போது அந்த வங்கியின் ஈரோட்டுக் கிளையில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போனாலும் சரி, பத்திரப் பதிவுக்குப் போனாலும் சரி, படியிறங்குமுன் யாராவது ஒருவர் அந்த அம்மாவின் குரலில் ஒரு வாக்கியம் சொல்வார். நான் செருப்பைக் கழற்றிவிடுவேன். அன்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, அமலியை மட்டும் அருகில் கூப்பிட்டு, அவர் சொன்னது:

“திங்கட்கிழமை ட்ரையலுக்கு வந்துடும்மா. அத்தையை மட்டும் கூட்டிட்டு வராதே.”