ஹார்டு டிஸ்குக்கு வைத்த பொட்டு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் கட்டுகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்தே பெருவிரல்தான். அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. ("கொஞ்சமா?" என்பாள் அம்மா.) அது ஒரே காலையில் இறங்கிய கதை இது.

அப்போது ராயபுரத்தில் ரஹீம் பாயின் போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்யும் வேலை. ஆயுத பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும் பாயே வாங்கித் தந்து, "ஜோரா பண்ணுமா" என்று ஒதுங்கி நின்றார். கேமரா, கத்தரிக்கோல், லேமினேஷன் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்தேன். கம்ப்யூட்டரிடம் வந்தபோது படிப்பு குறுக்கே வந்தது. மற்றவர்கள் பெட்டிமேல் வைப்பார்கள். நான் வேலை எங்கே நடக்கிறது என்று தெரிந்தவள் அல்லவா! ஸ்விட்சை அணைத்துப் பக்கக் கதவைக் கழற்றினேன்.

ஹார்டு டிஸ்கின் பின்பக்கம் இரண்டு வாய்கள். அகலமானதில் கரண்டு போகும். சின்னதில் ஏழே ஏழு தங்கக் கோடுகள். படமெல்லாம் அந்த வழியாகத்தான் போய்வரும்.

"பழசுல நாப்பது கம்பி பட்டையா ஓடும் பாய். எண்ணூர் ரோட்டுல லாரிங்க பக்கம் பக்கமா போய் மாட்டிக்கிற மாதிரி. இப்ப ஒண்ணு பின்னால ஒண்ணு, ஒத்த வரிசை. அதான் வேகம். இதுக்குப் பேரு சாட்டா."

வகுப்பை முடித்துவிட்டு, கேபிளை உருவி, அந்தச் சின்ன வாயில் குழைத்த சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

"உள்ளாரல்லாம் வெக்கலாமாம்மா?" என்றார் பாய்.

"சும்மா இருங்க பாய், நான் படிச்சிருக்கேன்." கேபிளை இறுக்கிச் செருகினேன்.

இரண்டு நாள் விடுமுறை கழிந்து கம்ப்யூட்டரைப் போட்டால், டிஸ்கே இல்லை என்றது திரை.

முகத்துவாரக்குப்பம் செல்வி அக்காவின் மகள் கல்யாணம் அதில் இருந்தது. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. பூஜை முடியட்டும் என்று நான் பிரதி எடுக்கவில்லை. கல்யாணமான இருபதாம் நாள் அக்காவின் புருஷன் மாரடைப்பில் போய்விட்டார். அவர் சிரிக்கிற வீடியோ உலகத்திலேயே அந்த ஒரு டிஸ்கில்தான். அன்று காலை அக்கா வருவதாக வேறு சொல்லியிருந்தாள்.

கேபிளை மாற்றினேன். போர்டில் வேறு இடத்தில் செருகினேன். அவசரத்தில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தடவித் தடவியே செருகினேன். சந்தனத்தின் மேல் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. (சாமி காரியமாயிற்றே!) மணலி புதுநகர் பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டே டிஸ்கைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது, வாசலில் செருப்புச் சத்தம்.

"ரெடியா கீதாமா? அவரு சிரிச்சத ஒரு தபா பாத்துட்டுப் பூடறேன்."

"அக்கா... டிஸ்கு செத்துப்போச்சு."

போயும் போயும் அவளிடம் அந்த வார்த்தையா! நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா அழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மேசையிலிருந்து டிஸ்கை எடுத்தாள். முப்பது வருஷமாக மீன் விற்ற கை, மீனைத் திருப்புவதுபோலவே திருப்பியது.

"செவுளு செவப்பா கீது. செத்துச்சுன்ற?"

பிறகு கண்ணருகே கொண்டுபோனாள். "அடிப்பாவி, குங்குமம்! எங்க படகுக்கே நெத்தியிலதான்மா பொட்டு வெப்போம். நீ வாயில வெச்சிகீற!"

பாய் என்னைப் பார்த்தார். ஸ்பிரிட் பாட்டிலையும் புது டூத்பிரஷையும் எடுத்து வைத்தார். ஏழு கோடுகளின் மேலும் சந்தனம் ஓடாகக் காய்ந்திருந்தது. சுரண்டாமல் மெல்லத் துடைத்தேன். ஃபேனடியில் உலர்த்தி, புதுக் கேபிள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினேன்.

"தோ வந்துடுச்சு!" என்று அக்காதான் கத்தினாள். திரையில் அவள் புருஷன் மாலையைத் தோளில் தள்ளிக்கொண்டு சிரித்தார். ஒரு தபா என்றவள் ஏழு தபா பார்த்தாள். நான் அதற்குள் மூன்று பிரதி எடுத்தேன்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். நலங்கு வைக்க முதலில் செல்வி அக்காவைக் கூப்பிட்டேன். "நான் எப்டிமா வெக்கறது?" என்று பின்வாங்கினாள்.

"எந்த இடத்துல வெக்கணும்னு தெரிஞ்சவங்க நீங்கதான்கா."

அக்கா சந்தனத்தைத் தொட்டதும், கேமராவுக்குப் பின்னாலிருந்து பாய் குரல் கொடுத்தார்: "நெத்திலமா, நெத்தில! வாய்ல வெச்சா பொண்ணு வேலை செய்யாது!"

மண்டபமே சிரித்தது. அந்த நலங்கு வீடியோ இப்போது ஐந்து டிஸ்கில் இருக்கிறது.