கிழக்கே விழ வேண்டிய ஓக் மரம்

வியன்னா மாநகரில் வசிக்கும் என் ஒரே மகன் ஓக்னெனுக்கு, வால்யெவோ மலையடிவாரத்திலிருந்து உன் அப்பா வுகோமான் எழுதுவது.

நீயும் மருமகளும் சுகமாகவே இருப்பீர்கள். சுவருக்குள் வெந்நீர் ஓடும் வீட்டில் சுகத்துக்கு என்ன குறை? இங்கே உன் அம்மா தெசாங்காவுக்கு முட்டிவலி. எனக்கு நீ. போனில் சொன்னால் பாதியிலேயே "அப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மின்சார ரம்பம் வந்து சேர்ந்தது. பண்டிகைக்கு நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தோம், பெட்டி வந்தது. அங்கத்திய கிறிஸ்துமஸுக்கு லீவையெல்லாம் செலவழித்துவிட்டாயாம், நம் பழைய காலண்டர்படி நம்முடையது ஜனவரியில் வருவதற்குள் தீர்ந்துவிட்டதாம். நம் கிறிஸ்துமஸ் என்ன, போன வருஷம்தான் ஜனவரிக்கு மாறியதா? "இந்த வயசுல கோடாலி ஆபத்துப்பா" என்று ஒரு சீட்டு வேறு. ஹெல்மெட், காதடைப்பான், கண்ணாடி, ரம்பத்தின் சங்கிலி பட்டாலும் அறுபடாத கால்சட்டை, எல்லாம் பெட்டிக்குள் இருந்தது. ஆள்தான் இல்லை.

நீ மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். பண்டிகைக்கு முந்தின நாள், சூரியன் எழும் முன் காட்டுக்குப் போய், ஓக் மரத்துக்குக் காலை வணக்கம் சொல்லி, அது கிழக்கே பார்த்து விழும்படி வெட்டி, அப்பனும் மகனுமாக ஆளுக்கொரு முனையைத் தோளில் சுமந்து வந்து பண்டிகை அடுப்பில் இடுவது நம் வழக்கம். இந்த வருஷம் காட்டுக்கே போக முடியவில்லை. காட்டில் ஏது பிளக்? வயர் எட்டிய தூரத்தில் இருந்தது பன்றித் தொழுவத்துக்குப் பக்கத்து ஓக் ஒன்றுதான். அது கை பருமனுள்ள மரமல்ல, இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற மரம். பக்கத்து வீட்டு மிலோயே வந்து, என் கோலத்தைப் பார்த்து, "என்னய்யா வுகோமான், நிலாவுக்கா புறப்பட்டுட்ட?" என்றான். நான் மரத்துக்கு வணக்கம் சொன்னேன். "மரம் பதிலுக்கு என்ன சொல்லிச்சு? உனக்குத்தான் காது அடைச்சிருக்கே!" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

ரம்பத்தோடு வந்த உன் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேனடா. ஈரத்தில் பயன்படுத்தாதே என்கிறது. முட்டி வரை பனி, ஈரமில்லாத இடத்துக்கு நான் அடுப்புக்குள்தான் போக வேண்டும். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே விழவிடு என்கிறது. அது மேற்கே சாய்ந்திருந்தது. "மேற்கேயே விழட்டும்யா, அதுதான் பத்திரம்," என்றான் மிலோயே. "எங்க வீட்லேர்ந்து மேற்கே போனது போதும்," என்றேன். அவன் போய் டிராக்டரைக் கொண்டுவந்தான். கிழக்குப் பக்கம் வாய்போல் ஒரு பள்ளம் அறுத்து, மேலே கயிறு கட்டி, கயிற்றை அவன் டிராக்டரில் மாட்டி, பின்பக்கம் ரம்பத்தை வைத்தேன். பாதியில் மரம் ரம்பத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. மிலோயே டிராக்டரை முறுக்கினான், மரம் கிழக்கே வந்தது, வந்தது, வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது. மரம் விழும்போது பின்புறமாகச் சாய்வாக ஓடு என்று புத்தகம் சொன்னபடியே ஓடினேன். பின்புறம் சாய்வாக இருந்தது தொழுவம். பன்றிகளுக்கு நடுவில் எழுந்து பார்த்தால் மரம் கரண்ட் கம்பியின் மேல் படுத்திருக்கிறது, ஊரே இருட்டு, உன் ரம்பமும் செத்துப்போயிற்று. தனக்குச் சோறு போடும் கம்பியைத் தானே அறுத்துக்கொள்ளும் மெஷினை அந்த ஊரில்தான் செய்வார்கள்.

கரண்ட் இல்லாமல் விரத நாள் பீன்ஸ்கூட ஒரு வீட்டிலும் வேகவில்லை. பாதிரியார் ஒருவருக்குத்தான் சந்தோஷம், மெழுகுவத்தியெல்லாம் விற்றுப்போயிற்று. பெண்கள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். "யாரோட ரம்பம் இது?" என்றாள் ஒருத்தி. "என் மகனோடது," என்றேன். "மகன் எங்கே?" என்றாள். பன்றிச் சேறு சொட்டச் சொட்ட மேற்கே கையைக் காட்டினேன். எனக்கு அவமானமாக இருந்தது. விழுந்த மரத்தால் அல்ல. ஒரு கிளை என் வலது தோளைப் பெயர்த்துவிட்டுப் போனதையும் உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இதை இடது கையால் எழுதுகிறேன்.

ஆனால் நீ பதறாதே. கிளம்பியும் வராதே. ஈஸ்டருக்கும் வேண்டாம், கோடையிலும் வேண்டாம். எங்களுக்கு ஒருவரும் தேவையில்லை. ரம்பத்தை எந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்புவது என்பதை மட்டும் எழுது. ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளையும், நம் காலண்டர் தெரிந்த ஒரு முதலாளியையும் தரட்டும். மருமகளுக்கு என் ஆசிகள். நம் மொழி அவளுக்குப் புரியாது என்பது அவளுடைய அதிர்ஷ்டம்.

இப்படிக்கு,
உன் அப்பா வுகோமான்

பி.கு.: ஓக்னென், அம்மா எழுதறேன்டா. தபால்ல சேர்க்கச் சொல்லி என்கிட்ட குடுத்தார், நான் ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். பயப்படாதே. தோள் நல்லாத்தான் இருக்கு, இது இடது கை எழுத்தான்னு நீயே பாரு. ஊர்ல கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகல. மிலோயே பண்டிகைக்கு மகள் வீட்டுக்குப் போனவன் இன்னும் திரும்பல. தொழுவத்து மரம் அப்படியே நிக்குது. புத்தகத்தை மட்டும் உக்காந்து படிச்சார், ரம்பம் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடக்கு. அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி கோடாலியைத் தூக்கிட்டு வழக்கம்போல காட்டுக்குத்தான் போனார். வெயில் ஏறின பிறகு வெறுங்கையோட வந்து நின்னார். "ஏங்க, மரம் எங்கே?"ன்னு கேட்டேன். "வெட்டியாச்சு. இன்னொரு முனையைத் தூக்க ஆள் இல்ல, அங்கேயே கிடக்கு"ன்னார்.