எதிர்வீட்டுக்கு அனுப்பிய ஈரம்

என் உடம்பில் உயிர் இருக்கிறவரை அந்த ஜன்னலைத் திறக்கமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தேன். பல வருஷம் நான் சபதத்தைக் காப்பாற்றினேன். சுவர்தான் என்னைக் காப்பாற்றவில்லை. பூத்துவிட்டது.

பூத்தது பூ இல்லை, பூசணம். படுக்கையறை ஜன்னலைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். மூலையில் பச்சையாக மீசை மாதிரி ஒன்று. காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பஸ் ஓட்டிய காலத்தில் அடைமழையில்கூட என் வண்டிக் கண்ணாடி அப்படி வியர்த்ததில்லை.

திறந்து தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். எப்படித் திறப்பது? ஒரே ஆள் நடக்கிற சந்து. அதற்கு அந்தப் பக்கம் நேர் எதிரே காமிராக்காரன் வீட்டு ஜன்னல். என் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் அவன். ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டினாலும் பெண்ணைப் பெற்றவன் அதில் கிடையாது. ஒரே ஒரு படத்தில், ஓரமாக, ஒரு காது. சண்டைக்குப் போனேன். "காது நல்லாத்தானே விழுந்திருக்கு?" என்றான். அன்றைக்கு மூடினேன் ஜன்னலை. அவனும் மூடினான். அப்புறம் மகளுக்குக் குழந்தை பிறந்து, அது நடந்து, பேசி, என்னை "தாத்தா, சும்மா இரு" என்று அதட்டுகிற அளவுக்கு வளர்ந்தும்விட்டது. ஜன்னல் மூடியபடியே இருந்தது.

அந்தப் பேத்தியை வைத்துத்தான் வினை வந்தது. லீவுக்கு எப்போது வருகிறாய் என்று மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, போன தடவை அந்த ரூம்ல படுத்துட்டு வந்து பாப்பாவுக்கு எவ்வளவு நாள் இருமல் தெரியுமா? மூச்சு இழுத்துச்சுப்பா. சுவர் காஞ்சா சொல்லுங்க, வரோம். இல்லேன்னா வேணாம்."

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அது மட்டும் முடியாது," என்றேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"உன் கண்ணு சொல்லுது."

"ஏங்க, ஈரம் வெளிய போக வழி வேணாமா? குளிக்கிற ஆவி, சமைக்கிற ஆவி, கொடியில தொங்குற துணி, எல்லாம் இந்த ரூமுக்குள்ளதான் சுத்துது. போதாக்குறைக்கு உங்க பெருமூச்சு வேற."

"ஜன்னலைத் திறக்காமலே இந்தப் பூசணத்தை ஒழிக்கிறேனா இல்லையா பாரு!"

முதலில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடித்தேன். அறையில் பூசணத்தைத் தவிர யாரும் இருக்க முடியவில்லை. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வராந்தாவில் படுத்தேன். புள்ளிகள் கொஞ்ச நாள் விருந்தாளி மாதிரி வெளியே போய்விட்டு, உறவுக்காரர்களோடு திரும்பி வந்தன.

அடுத்து வெள்ளைப் பெயிண்ட். கறுப்பு தெரியாதபடி மேலேயே இரண்டு கோட். சுவர் மாப்பிள்ளை மாதிரி நின்றது. மகளுக்குப் போன் போடப் போனேன். மனைவி சுவரை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கழன்று என் காலடியில் விழுந்தது. பின்னால் இருந்து பூசணம் எட்டிப் பார்த்தது, தூங்கி எழுந்த தெளிவோடு.

"போன் பண்றேன்னீங்களே?" என்றாள்.

போனை இருந்த இடத்திலேயே வைத்தேன். பேத்தி வராத லீவை நினைத்துப் பார்த்தேன். எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். ஆனாலும் அந்தக் காது நினைவுக்கு வந்தது. கை தாழ்ப்பாள்வரை போய்த் திரும்பிவிட்டது.

மறுநாள் காலை மனைவி அடியோடு மாறியிருந்தாள்.

"ஏங்க, நீங்க சொன்னதுதான் சரி. தப்பித்தவறிக்கூட அந்த ஜன்னலைத் திறந்துடாதீங்க."

எனக்குச் சந்தேகம். "ஏன்?"

"எதிர்வீட்டு அக்கா சொல்லிச்சு. அவரு காலம் பூரா எடுத்த படமெல்லாம் அந்த ஜன்னலுக்குப் பக்கத்துல பெட்டி பெட்டியா இருக்காம். நம்ம வீட்டு ஈரக் காத்து பட்டா அத்தனையும் பூசணம் புடிச்சுடுமாம். பாவம்ங்க."

"அப்படியா?" என்றேன், குரலில் சந்தோஷம் தெரியாமல்.

"கண்ணாடியில நிக்கிற தண்ணிய துணியால ஒத்தி சந்துப் பக்கமா உதறினா இன்னும் மோசமாம். கட்டிலை சுவரை விட்டு நகர்த்திப் போட்டா காத்து இன்னும் வேகமா அந்தப் பக்கம் பாயுமாம். தெரியாத்தனமா செஞ்சுடாதீங்கன்னுதான் சொல்றேன்."

அவள் குளிக்கப் போகட்டும் என்று காத்திருந்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, சுத்தியலால் இரண்டு போடு. திறந்தது. தண்ணீரை ஒத்தினேன், உதறினேன். தனி ஆளாகக் கட்டிலை இழுத்து நடு அறையில் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பகைக்கு முன்னால் இடுப்பு எம்மாத்திரம்? ஈரத் துணியை அறைக்குள் காயப்போட்டால் ஈரம் இங்கேயே தங்கிவிடுமே என்று கொடியையும் வெளியே மாற்றிக் கட்டினேன். மொத்த ஈரமும் அவனுக்கே போகட்டும்.

நாலைந்து நாள் போனதும் எதிர் ஜன்னலும் படீரென்று திறந்தது. காமிராக்காரன்! முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தது. கையில் ஒரு துணி. தன் கண்ணாடியை ஒத்தி, என் பக்கமாக உதறினான்.

நான் உள்ளே திரும்பி மனைவியிடம் சத்தமாகச் சொன்னேன்: "சில பேருக்குத் துணிய ஒழுங்கா உதறக்கூடத் தெரியல!"

அவன் தன் மனைவியிடம் சத்தமாகச் சொன்னான்: "சில பேரு ஜன்னல் துடைக்கிறதைப் பாத்தா பஸ் துடைக்கிற மாதிரியே இருக்குடி!"

"துடைச்ச கண்ணாடியில முழு ஆளும் தெரியணும்!"

"தெரியற மாதிரி ஆளு இருக்கணுமே!"

இப்படியே தினமும் காலையில் நடந்தது. நான் வெயிலுக்கு முன் திறப்பேன்; அவன் அதற்கும் முன் திறப்பான். கண்ணாடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதை நான் எப்போது விட்டேன் என்று தெரியாது. ஒருநாள் மனைவி சுவரைத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. கிண்ணென்றிருந்தது.

மகள் வந்தாள். பேத்தி நடு அறைக் கட்டிலில் குதித்தாள். இருமல் இல்லை.

"எப்படிப்பா காய வச்சீங்க?" என்றாள் மகள்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எதிர்வீட்டுப் படங்களை நான் பாழாக்கிய கதையைச் சொன்னேன். மகள் விழித்தாள்.

"அவர்கிட்ட ஏதுப்பா படம்? போட்டோ கடையை வித்தப்பவே எல்லாத்தையும் அவங்கவங்ககிட்ட குடுத்துட்டாரே. எங்க ஆல்பத்தோட பிரதிகூட என்கிட்டதான் இருக்கு."

மனைவியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அவங்க வீட்டுலயும் இதே பூசணம்ங்க. அந்த அக்கா என்கிட்ட சொல்லி ஒரே அழுகை. புதுசா பெயிண்ட் அடிச்ச நம்ம சுவர், அவங்க வீட்டு ஈரம் பட்டா உரிஞ்சுடும்னு அவருகிட்ட சொல்லச் சொன்னேன். உடனே திறந்துட்டாரு."

அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த பகை. எனக்கென்று இந்த வீட்டில் வேறு என்ன இருந்தது? அதையும் எடுத்து ஜன்னல் துடைத்துவிட்டாளே என்று மனசு விட்டுப்போயிற்று. அப்போதே எழுந்து ஜன்னலை மூடப் போனேன்.

"தாத்தா, மூடாத. அந்தத் தாத்தாவுக்கு டாட்டா காட்டணும்," என்றாள் பேத்தி.

மூடினால் சுவர் பூக்கும். சுவர் பூத்தால் இவள் போய்விடுவாள். கையை எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து துணியோடு போய் நின்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவனுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்; அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஜாடைப் பேச்சும் நின்றுபோயிற்று. இரண்டு கிழவர்கள், இரண்டு துணிகள். திட்டிக்கொண்டிருந்த காலமே தேவலை என்று தோன்றியது.

நேற்றுக் காலை அவன் ஜன்னல் திறக்கவில்லை. வெயில் ஏறியது. கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பேத்தி டாட்டா காட்டிக் காட்டிக் கை சலித்துப் போனாள். அவனுக்கும் என் வயசுதானே. என்னையும் மீறி, கழுத்தை நீட்டிக் கத்திவிட்டேன்:

"யோவ் காமிரா! உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

என் தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி எட்டிப் பார்த்து எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, போதும். பூட்டின ரூம் கதவைத் திறந்து அவரை வெளிய விடுங்க."