சுண்டுவிரலில் ஒரு கணு

உலகத்தில் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவிலும் வளைவு என்று ஒன்று உண்டு என்பதை வான்வழி அங்கிள் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

ஆஸ்திரேலியாவில், கிரவீனுக்குக் குடிவந்த முதல் வாரம், பென்டில் ஹில் மளிகைக் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரரான அவரிடம்தான் வழி கேட்டேன்.

"வான்வழியாப் பாத்தா கிட்டத்தான் தம்பி" என்று வேலிக்கு மேலாகக் கையை நீட்டினார். கை நீண்ட திசையிலேயே நடந்தேன். படித்தவன் என்று பெயர். ஓர் ஓடை, மூன்று வேலி, மூன்றாவது வேலியில் ஒரு நாய், அப்புறம் தண்டவாளம்.

"நடுவுல ரயில் போகுதே, அங்கிள்?"

"அது தரையில போறவைக்கு."

தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கராஜ் சுவர் முழுக்க ஆஸ்திரேலிய வரைபடம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு தையல்நூல். இரண்டு ஊர்ப் பெயரைச் சொன்னால் நூலைப் பிடித்து, விரலில் அளந்து தூரம் சொல்வார். இந்த நாட்டுக்கு வந்திறங்கிய பிறகு விமானமே ஏறியதில்லை. பயம். அளப்பதற்குப் பயம் தேவையில்லை.

ஒரே மகள் வதனி, வடகோடியில் ஒரு தீவில் நர்ஸ். அவளுக்கு வந்த மாப்பிள்ளை, வடக்கிலேயே இன்னொரு கரையோரக் குக்கிராமத்தில் ஆசிரியர். சாத்திரியார் பத்துப் பொருத்தம் பார்த்தார். பதினோராவதை அங்கிள் நூலால் பார்த்தார்: சுண்டுவிரலில் ஒரு கணு.

"பிளேனில ஏறினா, தேத்தண்ணி குடிச்சு முடிக்க முந்தி இறங்கிடலாம்" என்றார். கல்யாணத்தில் வாழ்த்திப் பேசிய நான் அதையே என் கண்டுபிடிப்பு போலச் சொல்லிக் கைதட்டும் வாங்கினேன்.

இருவரும் வேலைக்குத் திரும்பிய வாரம் வதனி கூப்பிட்டாள். "அப்பா, நீங்கள் சொன்ன பிளேன் எங்கை?"

அப்படி ஒன்று கிடையாது. இரண்டு ஊர்ச் சின்ன விமானங்களுக்கும் டார்வின் நகரம் மட்டும்தான் தெரியும். டார்வின் போய், தங்கி, மறுநாள் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. இருவருக்கும் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம்.

"பிளேன் இருக்கோ எண்டு மட்டும் நான் கேக்கேல்லை தம்பி. பிள்ளையள் ஆளுக்கொரு கரையில. என்ர பிழை."

நூல் பையிலிருந்து மறைந்தது. வழி கேட்ட ஒருவரிடம் "தெரியாது" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஒரு மத்தியானம் வதனி போனில், "பெரிய மழை, இப்பத்தான் விட்டது" என்றாள்.

"மேகம் எந்தப் பக்கம் போகுது?"

"கிழக்குப் பக்கம்."

மருமகனின் ஊர் அந்தக் கிழக்கில்தான். அங்கிள் மணியைப் பார்த்தார். மருமகனைக் கூப்பிட்டு முற்றத்தில் நிற்கச் சொன்னார். நாங்கள் கராஜில் கதிரை போட்டுக் காத்திருந்தோம். தேத்தண்ணி ஆறியது. இரண்டாவதும் ஆறியது. பிறகு போன் அடித்தது.

"மாமா, மழை இஞ்ச வந்திட்டுது." அவன் குரலுக்குப் பின்னால் தகரக்கூரை முழங்கியது.

அங்கிள் நூலைத் தேடி எடுத்து வரைபடத்தில் மெதுவாக வைத்தார்.

"பாத்தீரோ. டார்வின்ல இறங்கேல்லை."

அந்தப் பருவம் முழுக்க அவள் அனுப்பிய மழையில் அவன் நனைந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் அவளுக்கு அவன் ஊர்க் கிளினிக்கிலேயே வேலை கிடைத்தது. அங்கிள் கண்ணை இறுக மூடிக்கொண்டு விமானம் ஏறி, அவர்களோடு போய் இருந்துவிட்டார்.

கிரவீனில் மேகம் வடக்கே கிளம்பினால் நான் மணியைக் குறித்து அவருக்கு அனுப்புகிறேன். இதுவரை ஒன்றும் போய்ச் சேரவில்லையாம். "வரும் தம்பி, அவசரப்படாதையும்" என்று பதில் போடுகிறார்.

நான் அவசரப்படுவதில்லை. ஒவ்வொன்றையும் தெருமுனை தாண்டும்வரை நின்று வழியனுப்பிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.